தலையா, வாலா?

பாளையங்கோட்டையில் ஒருவருக்குச் சர்க்கரை கூடிப்போனால் யாரும் அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்வதில்லை. ஐம்பது தாண்டியும் வரவில்லை என்றால்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி வருகிறவர்களில் ஒரு சாரார் டாக்டர் சொல்லி நடப்பவர்கள், மறு சாரார் டாக்டர் சொல்வதற்குள் முந்திக்கொண்டவர்கள். 1948-இல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனி கிளினிக் தொடங்கினார். அவர் பேசிய விஷயம் இப்படித் தெருவுக்குத் தெரு திண்ணைப் பேச்சாகும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

சர்க்கரை குறைவதற்கு மட்டும் எங்கள் ஊரில் இன்னும் மரியாதை வரவில்லை. "லோ சுகரா? கொடுத்துவச்ச மனுஷன்! சாயங்காலம் இருட்டுக்கடை வாசல்ல போயி நிக்க வேண்டியதுதான வே" என்று பொறாமைப்படுவார்கள். கணையத்தில் ஒரு சின்னக் கட்டி உட்கார்ந்துகொண்டு, கேட்பார் மேய்ப்பார் இல்லாமல் இன்சுலினைச் சுரந்து தள்ளும் வியாதி ஒன்று இருக்கிறது. இன்சுலினோமா என்பார்கள். பத்து லட்சம் பேருக்கு வருஷத்தில் ஒருவருக்கோ, மிஞ்சிப்போனால் நாலு பேருக்கோ வரும். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாநகராட்சிக்கு ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம் ஜனம். தாராளமாகக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு இரண்டு பேர், இறுக்கிப் போட்டால் இரண்டு வருஷத்துக்கு ஒருவர். நான் இரண்டு பேரைக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். இருவருக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது வருஷம்.

எனக்கு லேப் உத்தியோகம். எண்பதுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். 1965-இல் மருத்துவக் கல்லூரி வந்தபிறகு பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஹைகிரவுண்டுதான். நாங்கள் அதன் நிழலில் பிழைத்தவர்கள். ரத்தச் சர்க்கரை பார்ப்பதென்றால் அன்றைக்கு ஆர்த்தோ டொலுடின் முறை. அடர் அசிட்டிக் அமிலத்தில் கலந்து, கொதிக்கிற தண்ணீரில் குழாயை நிறுத்தினால் பச்சை நிறம் ஏறும். பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சர்க்கரை. லேப் முழுக்க ஊறுகாய்ப் பானை வாடை. அந்த டொலுடின் புற்றுநோய் உண்டாக்கும் என்று பிற்பாடு எழுதினார்கள். வியாதி கண்டுபிடிக்கிறவனுக்கும் ஒரு வியாதி வேண்டாமா என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

முதல் ஆள் ஒரு வாத்தியார். நாற்பது சொச்சம் வயது. பாளையங்கோட்டையில் கல்லெறிந்தால் வாத்தியார் தலையில் விழும், ஆகவே அடையாளம் சொன்னதாக ஆகாது. வெற்றிலைகூடப் போடாத மனுஷர். அப்படிப்பட்டவர் காலை இரண்டாவது பீரியடில் கண் சிவந்து, வேர்த்து, நாக்குக் குழறி, பையன்களை வாய்க்கு வந்தபடி ஏசுவார். மத்தியானச் சோறு உள்ளே போனதும் தங்கமாகிவிடுவார். காலையில் ஏசினதைப் பற்றிக் கேட்டால், "நானா? நானா அப்படிச் சொன்னேன்?" என்பார். வேஷம் இல்லை, நிஜமாகவே ஞாபகம் இருக்காது.

ஊர் உடனே கண்டுபிடித்துவிட்டது. மனுஷன் ரகசியமாகக் குடிக்கிறார். தலைமையாசிரியர் ஒருநாள் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாராம். வாடை இல்லாததால் வாடை இல்லாத சரக்கு என்று முடிவானது. சம்சாரத்தின் அண்ணன் சுடலைமாடன் கோயில் கொடையில் குறி கேட்டு வந்தார். ஒரு டாக்டர் காக்கா வலிப்பு என்று மாத்திரை எழுதினார். சரியாகச் சொன்னது பையன்கள் மட்டும்தான்: "சாருக்குப் பசிச்சா கடிப்பாவ." 1935-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் என்ற சர்ஜன் வகுத்த மூன்று அடையாளங்களும் இதைத்தான் சொல்கின்றன: வெறும் வயிற்றில் கோளாறு வர வேண்டும், அந்த நேரத்தில் ரத்தச் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், குளுக்கோஸ் கொடுத்ததும் சரியாக வேண்டும். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு விப்பிளைப் படிக்காமலே முதலாவதையும் மூன்றாவதையும் எட்டிப்பிடித்திருந்தது. நடுவில் உள்ளதற்குத்தான் ரத்தம் வேண்டும்.

ரத்தம் வந்தது. 34 மில்லிகிராம். டாக்டர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். குறைந்த சர்க்கரையை அன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. எடுத்த ரத்தத்தைச் சும்மா மேஜையில் வைத்தால் சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும், ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு போய்விடும். அதற்காகத்தான் ஃபுளோரைடு போட்ட குழாய். "ஃபுளோரைடுதான் சார்" என்று சொல்லி மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் பச்சை ஏறவில்லை. கலோரிமீட்டர் முள் சோம்பலாக ஓர் ஓரத்தில் கிடந்தது.

அடுத்தது பட்டினிச் சோதனை. ஆளை வார்டில் படுக்கவைத்து எழுபத்திரண்டு மணி நேரம் வரை சோறு தண்ணியில் சோற்றை மட்டும் நிறுத்துவது. தண்ணீர் குடிக்கலாம், சீனி இல்லாத கடுங்காப்பி குடிக்கலாம், நடமாடலாம். ஆறு மணிக்கொரு தரம் ரத்தம், சர்க்கரை இறங்க இறங்க அடிக்கடி. திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிற சீமையில் மூன்று நாள் பட்டினி ஒரு பொருட்டா என்று அவர் அம்மா கேட்டார். வாத்தியாருக்கு மூன்று நாள் தேவைப்படவில்லை. முதல் ராத்திரி விடிகிறதற்குள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நர்ஸம்மாவைப் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத இரண்டு வார்த்தை சொன்னார். சர்க்கரை 31. ரத்தத்தை எடுத்துக்கொண்டு 25 சதவீத குளுக்கோஸை நரம்பில் ஏற்றினோம். ஊசி வெளியே வருவதற்குள் முகம் தெளிந்தது. "சிஸ்டர், மன்னிச்சிருங்க, நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா?" என்றார். அந்த வார்டில் சாமி மலையேறினதை அத்தனை பேரும் பார்த்தோம்.

அந்த நேரத்து ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு என்று பார்க்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. கதிரியக்கம் ஏற்றி இன்சுலினை அளக்கும் வித்தையை நியூயார்க்கில் பெர்சனும் ரோசலின் யாலோவும் 1959-60 வாக்கில் கண்டுபிடித்து, யாலோ அம்மாவுக்கு 1977-இல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க். ரத்தம் சிதைந்து சிவந்தால் இன்சுலின் பாழாகிவிடும், அதனால் பதமாகச் சுழற்றி, சீரத்தைப் பிரித்து, ஐஸ் நிரப்பி, மெட்ராஸுக்கு ராத்திரி ரயிலில் ஆள் போட்டு அனுப்பினோம். ஐஸ் மீன் மார்க்கெட்டில் வாங்கினது. கூட வந்த பயணிகள் ஃபிளாஸ்க்கில் நெய்மீன் போகிறது என்றே நினைத்திருப்பார்கள். முடிவு சில வாரம் கழித்துத் தபாலில் வந்தது. சர்க்கரை 31-இல் கிடக்கும்போது இன்சுலின் அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டும். வாத்தியாருக்கு அது தலைநிமிர்ந்து நின்றது.

ஆக, கட்டி இருக்கிறது. எங்கே?

இந்தக் கேள்வியின் பழைய வரலாறு கொஞ்சம் விபரீதமானது. 1926-இல் அமெரிக்காவில் ராச்செஸ்டரின் மேயோ கிளினிக்கில் இந்த மாதிரி மயங்கி மயங்கி விழுந்தவர் ஒரு சர்ஜன். வில்லியம் மேயோ வயிற்றைத் திறந்தார். கணையத்தில் கட்டி இருந்தது, ஆனால் கல்லீரல் வரை புற்றாகப் பரவிவிட்டிருந்தது, மூடத்தான் முடிந்தது. 1929-இல் முதல்முதலாக ஒரு கட்டியை ஜெயமாக எடுத்தவர் டொராண்டோவின் ராஸ்கோ கிரகாம். இன்சுலின் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதே டொராண்டோவில்தான் 1922-இல் முதல் ஊசி போட்டார்கள். ஏழே வருஷத்தில், கூடிப்போன இன்சுலினை வெட்டி எறியவும் அந்த ஊருக்கே போக வேண்டியதாயிற்று.

நூற்றுக்குத் தொண்ணூறு இன்சுலினோமா ஒற்றைக்கட்டி, புற்று இல்லாதது, இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கியது. எடுத்துவிட்டால் ஆள் பிழைத்தார், இவ்வளவு யோக்கியமான கட்டி உடம்பில் வேறு இல்லை. கணையம்தான் யோக்கியமான இடத்தில் இல்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கிறது. அதன் தலை சிறுகுடலின் வளைவுக்குள், வால் மண்ணீரலின் மடியில். தலை, நடு, வால் மூன்றிலும் கட்டி ஏறக்குறைய சமமாகவே வரும். இந்த இடம் என்று சாய்வு காட்டாது.

அன்றைய அல்ட்ராசவுண்டில் வாத்தியாரின் குடலில் இருந்த காற்றுதான் தெரிந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழல் விட்டு, கணையத்துக்குச் சாயம் அடித்துப் படம் எடுத்தார்கள். இந்தக் கட்டிகளுக்கு ரத்த ஓட்டம் அதிகம், சாயம் பட்டால் சிவந்து நிற்கும் என்பது நம்பிக்கை. ஒரு டாக்டர் வால் பக்கம் நிழல் தட்டுகிறது என்றார். இன்னொருவர் அது மண்ணீரலின் நிழல் என்றார். மூன்றாமவர், சர்ஜன், "திறந்தால் தெரிந்துவிடும்" என்றார்.

திறந்தார்கள், தெரியவில்லை. சிறுகுடலை விலக்கிக் கணையத்தைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே வைத்து இஞ்ச் இஞ்சாக நீவிப் பார்த்தார்கள். அகப்படவில்லை. அப்படி அகப்படாவிட்டால் என்ன செய்வது என்று அன்றைய பாடப்புத்தகத்தில் பதில் இருந்தது: வால் பக்கத்தை வெட்டி எடுத்துவிடு. தலையை எடுப்பது உயிருக்கு ஆபத்து, வாலை எடுப்பது சுலபம். கட்டி மூன்று இடத்திலும் சமமாக வரும் என்று ஒரு பக்கத்தில் அச்சிட்ட அதே புத்தகம், மறு பக்கத்தில் வெட்ட வசதியான இடத்தில் வெட்டச் சொன்னது. உலகம் முழுக்க அதைத்தான் செய்தார்கள், ஆகவே யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. நோய்க்கூறு டாக்டர் வாலை வாழைக்காய் வற்றல் கனத்தில் சீவிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

வாத்தியார் வால் இல்லாத கணையத்தோடும் கட்டியோடும் ஊர் வந்து சேர்ந்தார். ஜிப்பாவின் ஒரு பையில் சாக்பீஸ், மறு பையில் கருப்பட்டி. மணி அடித்தால் பையன்கள் நோட்டை எடுப்பார்கள், சார் கருப்பட்டியை எடுப்பார். தூங்கும்போதும் அலாரம் வைத்து எழுந்து தின்றார். உடம்பு ஊதிப்போனது. "ஆபரேஷன் பண்ணி ஆளு தேறிட்டாருல்லா" என்று ஊரில் சந்தோஷப்பட்டார்கள். இப்படி ஏழெட்டு வருஷம். பிறகு, வயிற்றைத் திறந்த பின் அல்ட்ராசவுண்ட் கருவியையே கணையத்தின் மேல் நேராக வைத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. காற்றும் இல்லை, கொழுப்பும் இல்லை, நேருக்கு நேர். அந்தக் கருவியும் பழகின விரலும் சேர்ந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அகப்பட்டுவிடும். வாத்தியாருக்கு இரண்டாம் முறை வேறொரு ஊரில் திறந்து வைத்துப் பார்த்தபோது, தலைக்குள் ஆழத்தில் கருத்த ஒரு வட்டம். தோண்டி எடுத்தார்கள். அன்று சாயங்காலமே கருப்பட்டி நின்றது.

இதற்கு மேல் அவர் கதையில் ஒரே ஒரு திருப்பம் பாக்கி. பாதிக் கணையத்தோடு அறுபதைத் தாண்டியபோது அவருக்கும் ஊரோடு ஒத்து சர்க்கரை வியாதி வந்தது. தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. "காசில்லாம கெடச்ச காலத்துல வேண்டாம்னு ரெண்டு ஆபரேஷன் பண்ணினேன். இப்ப துட்டு குடுத்து வாங்கிக் குத்துதேன், பாத்தீரா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. காரணம் கணையம் இல்லை, மாரடைப்பு.

இரண்டாவது ஆள் எங்கள் தெருப் பெண். முப்பது வயது. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் அதிகம், சம்பளம் குறைவு என்ற வகை. நான் ஓய்வுபெற்று வீட்டோடு இருந்தாலும் தெருவில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் "லேப் மாமாகிட்டக் காட்டு" என்பது வழக்கம். அவளுக்கும் அதே விடிகாலை வேர்வை, அதே குழறல். இந்தத் தடவை யாரும் பேய் என்று சொல்லவில்லை. டயட் என்றார்கள், ஸ்ட்ரெஸ் என்றார்கள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். குறி சொல்கிற வேலையை இன்டர்நெட் எடுத்துக்கொண்டிருந்தது. அவளே ஆன்லைனில் வாங்கி, கையின் மேல்பக்கம் ஒரு சில்லு ஒட்டிக்கொண்டாள்; ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் போனில் சர்க்கரை தெரிகிறது, 55-க்குக் கீழே போனால் போன் ஊளையிடுகிறது. என் காலத்துப் பட்டினி வார்டு முழுவதும் இப்போது ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில் தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சில்லு சில நேரம் ஒருக்களித்துப் படுத்தாலே பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். லேப்காரன் புத்தி, விடாது.

பட்டணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நேராக சி.டி. எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ரிப்போர்ட்டில் கணைய வால் பக்கம் 12 மில்லிமீட்டரில் ஒரு பளிச்சிடும் முடிச்சு. குடும்பமே ஆபரேஷனுக்கு நாள் பார்க்கக் கிளம்பிவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, காலம் எப்படித் தலைகீழாகிவிட்டது என்று. வாத்தியார் விஷயத்தில் கட்டி இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. இவளுக்கு எங்கே என்று கலர் படம் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். இருக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லை.

நல்ல காலம், பார்த்த ஹார்மோன் டாக்டர் படத்தைக் கவருக்குள் திருப்பிப் போட்டுவிட்டு, "வீட்டுல யாருக்கும்மா சுகர்?" என்று ஆரம்பித்தார். அப்பாவுக்கு, ஆச்சிக்கு, சித்திக்கு. டிவி பெட்டிக்கு மேல் மூன்று மாத்திரை டப்பா. கணையத்தை அடித்து இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைத் தவறுதலாக விழுங்கினாலும் ரத்தத்தில் இன்சுலினோமா மாதிரியே காட்டும். என் காலத்தில் அப்படி ஒரு டப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது அது இல்லாத வீட்டைத் தேட வேண்டும். நரம்புச் சத்துக்கு ஆல்பா லிப்போயிக் அமில மாத்திரை உண்டா என்றும் கேட்டார். சிலருக்கு அது இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கிளப்பி, கட்டியே இல்லாமல் சர்க்கரையை இறக்கிவிடும். ஜப்பானில் ஹிராட்டா என்பவர் 1970-இல் எழுதிய நோய். கட்டி இல்லாதவன் கணையத்தை ஸ்கேன் பண்ணி ஏதோ ஒரு புள்ளியைப் பிடித்து வெட்டினால் எப்படியிருக்கும்? கேள்விகள் எல்லாம் முடிந்து, பட்டினி. இருபது மணி நேரத்துக்குள் அவளும் விழுந்தாள். இன்சுலின் கூடுதல், அதோடு கூடவே சுரக்கும் சி-பெப்டைடும் கூடுதல், மாத்திரைச் சோதனை சுத்தம். முடிவு மறுநாளே வந்தது. மீன் மார்க்கெட் ஐஸ் தேவைப்படவில்லை.

சரி, வாலில்தானே முடிச்சு? கேலியம் ஏற்றின டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் அதே வால் முடிச்சு ஜொலித்தது. இரண்டு மெஷின் ஒரே சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டும் தூக்குப் போட்டுவிடும். அதற்குப் பிறகு எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட். வாய் வழியாகக் குழாயை விட்டு, இரைப்பைக்குள் நின்று வாலையும், சிறுகுடலுக்குள் நின்று தலையையும் பார்ப்பது. 1992-இல் ரோஷ் குழுவினர், சி.டி.யிலும் வயிற்றுக்கு மேலிருந்து எடுத்த அல்ட்ராசவுண்டிலும் ஒன்றும் தெரியாத நோயாளிகளிடம் இதைச் செய்து 82 சதவீதக் கட்டிகளைப் பிடித்துக் காட்டிய பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் குழாயைப் பிடித்த டாக்டர் வால் முடிச்சைப் பார்த்து, "இது மண்ணீரல் மாதிரில்லா இருக்கு" என்றார். தலைப் பக்கம் இன்னொரு சின்ன நிழலும் தெரிகிறது என்றார்.

பத்தில் ஒருவருக்காவது மண்ணீரலுக்குப் பக்கத்தில் குட்டி மண்ணீரல் ஒன்று பிறவியிலேயே இருக்கும். சமயத்தில் அது கணைய வாலுக்குள்ளேயே புதைந்திருக்கும். அதுவும் சாயத்தில் பளிச்சிடும், டோட்டாடேட்டையும் உறிஞ்சும். இன்சுலினோமாவோ டோட்டாடேட்டுக்கு அவ்வளவாக முகம் கொடுக்காது. அதாவது நிரபராதி ஜொலிப்பான், திருடன் இருட்டில் நிற்பான். அவள் சிவப்பணுக்களை எடுத்துச் சூடுகாட்டிக் குலைத்து, டெக்னீசியம் ஏற்றித் திரும்ப உடம்பில் விட்டார்கள். குலைந்த அணுக்களைப் பொறுக்கி எடுப்பது மண்ணீரலின் தொழில். மண்ணீரலில் குவிந்தது போலவே வால் முடிச்சிலும் போய்க் குவிந்தன. இவ்வளவு செலவில் எங்கள் தெருவிலேயே இரண்டு மண்ணீரல் உள்ளவள் என்ற பெருமை அவளுக்குக் கிடைத்தது.

மிச்சம் தலைப் பக்கத்து நிழல். இதற்குத்தான் பல்லி. அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்று விஷப்பல்லி ஒன்று உண்டு. அதன் விஷத்திலிருந்து ஜான் எங் என்பவர் 1992-இல் எக்ஸெண்டின்-4 என்ற பொருளைப் பிரித்தார். 2005-இல் அது சர்க்கரை மருந்தாகக் கடைக்கு வந்தது. இன்சுலினோமாவின் மேல் அந்தப் பொருள் ஒட்டும் பிடிமானங்கள் ஏராளம் என்பதால், அதில் கதிரியக்கம் கட்டி அனுப்பினால் கட்டி எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். ஸ்விட்சர்லாந்தில் வைல்டு, கிறிஸ்ட் ஆகியோர் 2008-இல் இப்படி ஒளிந்திருந்த கட்டிகளைக் காட்டினார்கள். சண்டிகர் பி.ஜி.ஐ.யிலும் செய்து எழுதியிருக்கிறார்கள். பல்லி சொல்லுக்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கம் ஒதுக்கி, எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று அச்சிட்டு வைத்திருக்கும் ஜனங்கள் நாங்கள். அவள் ஆச்சிக்கு நான் இந்த ஸ்கேனை விளக்கியபோது அவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. "எந்தப் பக்கமா சொல்லிச்சு?" என்று மட்டும் கேட்டார்.

தலைப் பக்கமாகச் சொல்லியிருந்தது. ஆனால் சிறுகுடல் தொடக்கத்தில் உள்ள ப்ரன்னர் சுரப்பிகளும் அதே பொருளை உறிஞ்சி, தலைக் கட்டி போல வேஷம் கட்டும். சர்ஜன் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ரத்தமும் சொல்லணும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ரத்தத்தைச் சொல்லவைக்கும் அந்தச் சோதனை அமெரிக்காவின் என்.ஐ.எச்.சில் ஜான் டாப்மன் 1991-இல் கொண்டுவந்தது. தாமிரபரணிக்காரனுக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். சுத்தமல்லி அணையில் பிரியும் திருநெல்வேலிக் கால்வாய்க்கு ஒரு ஆயக்கட்டு, பழவூர் அணையில் பிரியும் பாளையங்காலுக்கு வேறு ஆயக்கட்டு. எந்த மடையில் உரம் கரைத்தால் எந்த வயல் கருக்கும் என்று தெரியும். கணையத்துக்கும் அப்படித்தான்: வாலுக்கும் நடுவுக்கும் மண்ணீரல் தமனி, தலைக்கு இரைப்பை-சிறுகுடல் தமனியும் மேல்குடல் தமனியும். ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கால்சியம் செலுத்துவது, கல்லீரல் சிரையில் 30, 60, 120 விநாடியில் ரத்தம் எடுப்பது. ஒழுங்கான கணையம் கால்சியத்தைக் கண்டு அசையாது. கட்டிதான் பதறிப்போய் இன்சுலினைக் கொட்டும். எந்தத் தமனிக்குப் பிறகு இன்சுலின் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறதோ அந்தப் பகுதியில் கட்டி. இதில் படமே கிடையாது, வரிசையாக நம்பர் போட்ட குழாய்கள் மட்டும். எந்தக் குழாய் எந்த விநாடி என்று மாறிப்போனால் தலை வாலாகிவிடும். பேரைச் சரியாக எழுதி ஒட்டுகிறவன் கையில் ஒரு மனுஷியின் கணையம் இருக்கிறது என்றால் எங்கள் ஜாதிக்கு வேறென்ன கௌரவம் வேண்டும்? மண்ணீரல் தமனிக்குப் பிறகு இன்சுலின் அசையவில்லை. இரைப்பை-சிறுகுடல் தமனிக்குப் பிறகு ஐந்தாறு மடங்கு.

இந்த டாப்மன் ஒரு ரேடியாலஜிஸ்ட். கழுத்தில் உள்ள பாராதைராய்டு கட்டிகளைப் பற்றிப் பேசும்போது, முதல் ஆபரேஷனுக்கு முன்னால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது கட்டியை அல்ல, கைதேர்ந்த சர்ஜனை என்ற கருத்தில் சொன்னவரும் அவரே. தேடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர் வாயில் அது வந்ததால்தான் அதற்கு மதிப்பு.

லேப்பராஸ்கோப்பியில்தான் தொடங்கினார்கள். கருவியை உள்ளே விட்டு அல்ட்ராசவுண்ட் வைத்தபோது கட்டி தலைக்குள் கணையக் குழாயை ஒட்டி நின்றது. சர்ஜன் தயங்கவில்லை, வயிற்றைத் திறந்தார். சி.டி., பெட், பல்லி, குழாய், கால்சியம் எல்லாம் முடிந்து, கடைசியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கணையத்தின் தலையைப் பிடித்தன. 14 மில்லிமீட்டர். வால் பத்திரமாக வாலிருக்கும் இடத்திலேயே இருந்தது. முன்கூட்டிப் பார்த்த பார்வைக்கெல்லாம் பலன் அதுதான். வாத்தியாருக்கு இல்லாமல் போனதும் அதுதான். ஹைகிரவுண்டில் 2019 ஜனவரியில் உயர்சிகிச்சைக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். இனி வருகிற ஆளாவது ராத்திரி ரயில் ஏறாமல் இதில் பாதிக் கதையையாவது இங்கேயே முடித்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். இப்போது எண்டோஸ்கோப்பி வழியாகவே ஊசியை விட்டு, ரேடியோ அலையில் கட்டியைச் சுட்டுவிடும் வித்தையும் வந்துவிட்டது. அதற்கும் இடம் தெரிந்தாக வேண்டும்.

கட்டி வெளியே வந்தபிறகு சர்க்கரை ஏறும். இத்தனை காலம் கட்டியின் அதட்டலில் தூங்கிக்கிடந்த நல்ல செல்கள் விழிக்கச் சில நாள் பிடிக்கும். மறுநாள் அவளுக்கு 190. டாக்டர் கைகொடுத்தார். அம்மாவுக்கோ முகம் செத்துப்போனது. தெருவில் சேதி பரவி, "ஆபரேஷன் பண்ணி சுகரை வரவச்சிட்டாவளே" என்று பக்கத்து வீட்டு அத்தை ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தார். நான் வாங்கி வாசலில் நின்ற செவ்வரளிக்கு ஊற்றினேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது டிஸ்சார்ஜ் அன்றைக்கு. டயக்னோசிஸ் இடத்தில் இன்சுலின் என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த வியாதியை மறைத்தாளா என்று விசாரணை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"மேடம், எத்தனை வருஷமா இன்சுலின் போடுறீங்க?"

"நான் போடல சார். அதுவா வந்துச்சு."

"சரி மேடம். எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தது?"